அந்தப் புதுப் பூட்டை யார் போட்டார்கள் என்று கேளுங்கள்

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் லண்டனில் ஒரு பரோவில், அதாவது தனிக் கவுன்சில் உள்ள பகுதியில், வசிக்கிறேன். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. பல வருடம் அடியும் ஏச்சும் பட்டபின், போன வருடம்தான் நீதிமன்றத்தில் கட்டளை எடுத்துக் கணவரை வீட்டிலிருந்து வெளியேற்றினேன். ஆட்கள் வந்து கதவுக்குப் புதுப் பூட்டும், ஜன்னல்களுக்குக் கொண்டியும், கடிதம் விழும் துவாரத்துக்கு நெருப்புப் பிடிக்காத பையும் போட்டுத் தந்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மகன் இரவில் அலறி எழும்புகிறான். வாசலில் ஏதாவது கார் வந்து நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேல்மாடிக்கு ஓடுகிறான். தங்கச்சிக்கு அடிக்கிறான். போன மாதம் என்னைப் பார்த்து "வாயை மூடு" என்றான், அப்படியே அவனுடைய அப்பாவின் குரலில். மகள் நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை.

இப்படியான பிள்ளைகளுக்கு நடக்கும் ஒரு குழுவில் மகனைச் சேர்க்கப் பாடசாலை மூலம் கேட்டோம். "அந்தத் திட்டத்துக்கான காசு மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது" என்று கவுன்சிலில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பிள்ளையோடு ரெஃபியூஜுக்கு, அதாவது வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வருபவர்களுக்கான அடைக்கல இல்லத்துக்கு, போனவர். அங்கே பிள்ளைகளுக்கென்றே ஒரு பணியாளர் இருந்தாராம். நானும் போயிருக்க வேண்டுமோ? நாங்களும் கவுன்சில் வரி கட்டுகிறோம்தானே, இந்தக் காசெல்லாம் எங்கே போகிறது? திரும்பத் திரும்பக் கேட்டால் சோசல் சேர்விஸ் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சொந்தக்காரர் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. புதுப் பூட்டு, கொண்டி, நெருப்புப் பிடிக்காத பை. உங்கள் மகனுக்கான உதவி அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கக்கூடும். அதற்கு வருகிறேன். முதலில் உங்களை உறங்கவிடாத கேள்வியைப் பார்ப்போம்.

ரெஃபியூஜுக்குப் போகாதது பிழையா? இல்லை. வீட்டில் உயிருக்குப் பாதுகாப்பில்லாத பெண்ணுக்கு அது பெரிய அடைக்கலம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போகும் பிள்ளை ஒரே இரவில் பாடசாலையை, நண்பனை, தன் கட்டிலை, சில நேரம் ஊரையே விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் அடித்தவரை வெளியேற்றினீர்கள். பிள்ளைகள் இருந்த இடத்தில் இருக்கிறார்கள். அது சரியான முடிவு. அந்த முடிவை எடுத்தவருக்கு உதவி குறைவாகக் கிடைக்கிறது என்றால் பிழை காசு வரும் வழியில் இருக்கிறது. அந்த வழியைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள், பிறகு யாரிடம் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பது என்று உங்களுக்கே தெரியும்.

2021இல் இங்கிலாந்தில் வீட்டு வன்முறைச் சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவு நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து காத்திருந்த ஒன்று. தன் தாய்க்கோ தகப்பனுக்கோ உறவினருக்கோ நடக்கும் வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற, அதன் பாதிப்பை அனுபவிக்கிற பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்று அது சொல்கிறது. அதற்கு முன்பு பிள்ளை "சாட்சி"யாக இருந்தது, இப்போது தன் பெயரிலேயே பாதிக்கப்பட்டவர். உங்கள் மகன்மேல் ஒரு அடியும் விழாமல் இருந்திருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து கேட்டதே போதும்.

ஆனால் அந்தப் பிரிவு பெயரைக் கொடுத்தது, காசைக் கொடுக்கவில்லை. காசு அதே சட்டத்தின் 4ஆம் பாகத்தோடு வந்தது. பாதுகாப்பான தங்குமிடத்தில் இருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஆதரவு கொடுப்பது உள்ளூராட்சியின் சட்டக் கடமை என்று அந்தப் பாகம் ஆக்கியது. தேவையைக் கணக்கெடுக்க வேண்டும், திட்டம் எழுத வேண்டும், அதை நடத்த வேண்டும். அதற்காக மத்திய அரசு முதல் வருடம், அதாவது 2021-22இல், இங்கிலாந்து முழுவதுக்கும் சுமார் 12.5 கோடி பவுண் கொடுத்தது. 2025-26இல் அது 16 கோடி பவுண். மற்ற இடங்களில் இது கவுண்டி கவுன்சிலுக்கோ நகரசபைக்கோ போகும். லண்டனில் மட்டும் இந்தக் கடமை மேயரின் கீழ் இருக்கும் பெருநகர லண்டன் அதிகார சபையிடம் இருக்கிறது. உங்கள் பரோ அதோடு ஒத்துழைக்க வேண்டும். அதனால்தான் பரோவில் கேட்டால் மேயர் அலுவலகம் என்பார்கள், அங்கே கேட்டால் பரோ என்பார்கள். இரண்டும் ஓரளவு உண்மை.

இப்போது சொல் ஒன்றைக் கவனியுங்கள்: தங்குமிடம். கடமை தங்குமிடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரெஃபியூஜில் இருக்கும் பிள்ளைக்கு உதவுவது சட்டக் கடமை. சொந்த வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் குழு நடத்துவது, கவுன்சில் விரும்பினால் செய்யலாம் என்ற கணக்கில் வருகிறது. கவுன்சில்கள் சட்டப்படி வரவுசெலவைச் சமப்படுத்தியே ஆகவேண்டும். முடியாதபோது கொடுக்கும் அறிவித்தலை 2023இல் பர்மிங்ஹாமும் நொட்டிங்ஹாமும் கொடுத்தன, அதற்கு முன்பே குரோய்டன் கொடுத்தது. கையில் காசு சுருங்கும்போது முதலில் வெட்டு விழுவது கட்டாயமில்லாத வேலைகளில். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ரெஃபியூஜுக்குப் போவதே இல்லை, அவர்கள் உங்கள் மகனைப் போல வீட்டில் இருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப அவ்வப்போது தனி நிதி வரும். 2018இல் உள்துறை அமைச்சு இப்படியான பிள்ளைகளுக்கென்று 80 லட்சம் பவுண் ஒதுக்கியது. நல்ல வேலைகள் நடந்தன. ஆனால் திட்ட நிதிக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. பிரிட்டனில் உள்ளூராட்சியின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. என் தொழிலில் எனக்குப் பிடிக்காத திகதி அதுதான். பிள்ளையோடு மெல்ல மெல்லப் பேசத் தொடங்கிய பணியாளரின் ஒப்பந்தம் அன்று முடியும். பிள்ளை ஆறாவது வாரத்தில்தான் முதல் தடவை வாய் திறந்திருக்கும், ஏழாவது வாரம் அந்த அறை பூட்டியிருக்கும். இன்னும் ஒரு பெரியவர் சொல்லாமல் போய்விட்டார் என்றுதான் அந்தப் பிள்ளைக்குப் படும். வீட்டு வன்முறை ஆணையர் அலுவலகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் பிள்ளைகளுக்கு உதவி வேண்டும் என்று தேடியவர்களில் 29 சதவீதமானோருக்கு மட்டுமே அது கிடைத்திருந்தது. ஆகவே கவுன்சிலில் உங்களுக்குச் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் அது முழுப் பதிலும் இல்லை.

சரி, பூட்டுக்கு வருவோம்.

அப்படிப் பூட்டும் கொண்டியும் போட்டுத் தருவதற்கு இங்கே ஒரு பெயர் உண்டு: "சாங்சுவரி ஸ்கீம்". அடித்தவர் வெளியேறிய பின், தாயும் பிள்ளைகளும் சொந்த வீட்டிலேயே பாதுகாப்பாக இருப்பதற்காகக் கதவு ஜன்னல்களைப் பலப்படுத்தும் திட்டம். பலருக்குத் தெரியாத விஷயம் இது: 4ஆம் பாகத்தில் "பாதுகாப்பான தங்குமிடம்" என்பதற்குள் ரெஃபியூஜ் மட்டும் இல்லை, சாங்சுவரி ஸ்கீம் போட்ட வீடும் வருகிறது. அரசின் வழிகாட்டலில் அந்தத் தங்குமிடங்களில் கொடுக்கவேண்டிய ஆதரவு என்று சொல்லியிருப்பவற்றுள் பிள்ளைகளுக்கான ஆதரவும் இருக்கிறது: விளையாட்டுச் சிகிச்சை, பிள்ளைக்காகக் குரல் கொடுக்கும் ஆள், பிள்ளைகளுக்கென்று ஒரு பணியாளர். உங்களுக்குத் தெரிந்த அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் கிடைத்ததும் இதுதான்.

ஆகவே பூட்டுப் போட்டது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பொலிஸா, கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவா, ஏதாவது அமைப்பா? வேலை முடிந்தபோது தந்த தாள் இருந்தால் எடுத்து வையுங்கள். அது சாங்சுவரி ஸ்கீமின் கீழ் போட்டது என்றால், பரோவின் வீட்டு வன்முறைப் பொறுப்பதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள்: என் வீடு சாங்சுவரி ஸ்கீம் வீடு, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பாகத்தின் கீழ் என் பிள்ளைகளுக்கு என்ன ஆதரவு இருக்கிறது? உடனே ஒரு பணியாளர் வந்துவிடுவார் என்று நான் வாக்குத் தர முடியாது, ஒவ்வொரு பரோவும் அந்தக் காசில் வெவ்வேறு சேவைகளை வாங்கி வைத்திருக்கிறது. ஆனால் "காசு முடிந்தது" என்ற வாய்ப்பேச்சை ஏற்றுக்கொண்டு திரும்பி வருவதும், கடமையின் பெயரைச் சொல்லி எழுத்தில் கேட்பதும் ஒன்றல்ல. பின்னதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

பூட்டுப் போட்டது வேறு வழியில் என்றால் அடுத்த கதவு 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டம். ஊரில் எல்லோரும் "செக்‌ஷன் 17" என்பார்கள். நலமாக வளர உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவுவது கவுன்சிலின் பொதுக் கடமை. நீங்களே பிள்ளைகள் பிரிவுக்கு எழுதி மதிப்பீடு கேட்கலாம். கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும், மதிப்பீடு எடுத்தால் 45 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். குழு மூடியிருந்தாலும் மதிப்பீட்டில் "இந்தப் பிள்ளைக்கு இந்த உதவி தேவை" என்று எழுதப்பட்டுவிட்டால் அதை எப்படியாவது தேடிக் கொடுக்கும் பொறுப்பு அவர்கள் பக்கம் சாயும்.

இதைச் சொன்னதும் சொந்தக்காரரின் குரல் உங்கள் காதில் கேட்கும். எங்கள் சனத்திடம் இந்தப் பயம் வேரோடிப்போய் இருக்கிறது. அதைச் சிரித்துத் தள்ள மாட்டேன், அரசாங்க வாகனம் வாசலில் நின்றாலே நெஞ்சு பதறிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஆனால் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். சமூகப் பணியாளர் ஒருவர் தன் இஷ்டத்துக்கு உங்கள் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் எடுக்கலாம், அதுவும் அதிகபட்சம் 72 மணித்தியாலம். மற்ற வழி உங்கள் சம்மதத்தோடு, அதாவது அதே பிள்ளைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அப்படி ஒரு தாளை யாராவது நீட்டினால் சட்டத்தரணியைக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சில வீடுகளில் பிள்ளைகளை எடுக்கத்தான் செய்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். பிள்ளை ஆபத்தில் இருந்தும் அந்த ஆபத்து தொடர்கிற வீடுகள் அவை. நீங்கள் கட்டளை எடுத்தீர்கள், அவரை வெளியேற்றினீர்கள், பாடசாலையோடு பேசினீர்கள், இப்போது உதவி கேட்கிறீர்கள். கோப்பில் இவை எல்லாம் தன் பிள்ளையைக் காக்கும் தாய் என்றே பதியும். முதல் சந்திப்பில் பணியாளரின் குரல் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் மனம் உடையாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் பல வழக்குகள் கெட்டுப்போயிருக்கின்றன. சந்திப்பில் மகனை மொழிபெயர்க்க விடாதீர்கள். தன் தாய் எப்படி அடிவாங்கினாள் என்று ஆங்கிலத்தில் சொல்லும் வேலையை 9 வயதுப் பிள்ளையின் வாயில் வைக்கக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்கள் கோவில், தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று தெரிந்த ஆளாக வந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தால், தொலைபேசியில் வேறு நகரத்திலிருந்து ஒருவரைத் தரச் சொல்லுங்கள். இது வழக்கமாகக் கேட்கப்படுவதுதான்.

பாடசாலையை விட்டுவிடாதீர்கள். 2011இல் பிளிமத் நகரில் ஒரு தலைமை ஆசிரியையும் பொலிஸ் சார்ஜன்ட்டான அவருடைய கணவரும் சேர்ந்து ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள், பெயர் "ஒப்பரேஷன் என்கம்பஸ்". இரவு ஒரு வீட்டுக்கு வன்முறை என்று பொலிஸ் போனால், மறுநாள் பாடசாலை தொடங்குவதற்கு முன் அந்தப் பிள்ளையின் பாடசாலைக்குத் தகவல் போய்விடும். இரவு முழுக்க விழித்திருந்த பிள்ளையை "வீட்டுப்பாடம் எங்கே?" என்று அதட்டாமல் ஒரு கோப்பை பால் கொடுத்து உட்கார வைக்கலாம். இப்போது அது நாடு முழுவதும் பரவி, 2024இல் சட்டத்திலும் ஏறியிருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்த நாட்கள் பாடசாலைக் கோப்பில் இருக்கலாம். பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரைச் சந்தித்து, அந்தப் பதிவுகளோடு உங்கள் விண்ணப்பத்துக்கு ஆதரவாக ஒரு கடிதம் கேளுங்கள். குடும்ப வைத்தியரான ஜிபியிடமும் மகனின் உறக்கத்தைப் பற்றிச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்கான என்எஸ்பிசிசி அமைப்பு உருவாக்கிய "டார்ட்" போன்ற குழுக்கள் உங்கள் பகுதியில் நடக்கிறதா என்றும் இவர்களிடம் கேளுங்கள். 7 முதல் 14 வயதுப் பிள்ளையும் தாயும் சேர்ந்து போகும் 10 வாரக் குழு அது. எனக்குப் பிடித்தது அந்த "சேர்ந்து" என்பதுதான். தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் ஒரே பயத்தில் இருந்துவிட்டு அதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒரு சொல் பேசாமல் வருடக்கணக்கில் இருப்பார்கள்.

அப்புறம், "வாயை மூடு". தகப்பனைப் போலவே வந்துவிடுவானோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த வரியின் அடியில் அதுதான் இருக்கிறது. தங்கச்சி, 9 வயதில் யாரும் எதுவாகவும் முடிந்துவிடுவதில்லை. அந்த வீட்டில் யாருடைய குரலுக்கு எல்லோரும் அடங்கினார்கள் என்பதை அவன் பார்த்திருக்கிறான். பயம் வரும்போது கையில் கிடைக்கிற ஒரே குரல் அவனுக்கு அது. போர்க்காலத்தில் பங்கருக்குள் வளர்ந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், ஷெல் குண்டு விழுந்த நேரத்தைவிட, விழப்போகிறதா என்று காது கொடுத்திருந்த நேரத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். உங்கள் மகன் இன்னும் அப்படிக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறான். கார் நின்றால் ஓடுவது அதனால்தான்.

தங்கச்சிக்கு அடித்தால் தடுங்கள், உறுதியாக, குரலை உயர்த்தாமல்: "இந்த வீட்டில் இனி யாரும் யாருக்கும் அடிக்கிறதில்லை." அவன் அடங்கிய பிறகு பக்கத்தில் இருந்து பேசுங்கள். நடந்தது அவன் பிழையால் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைப்பீர்கள், தெரியாது. தான் சத்தம் போட்டதால்தான் அப்பா கோபப்பட்டார் என்று நம்பும் பிள்ளைகளை நான் எண்ணிலடங்காமல் பார்த்திருக்கிறேன். அம்மாவைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை, அதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். இரவில் படுக்கப் போகுமுன் அவனையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புதுப் பூட்டைப் பூட்ட விடுங்கள், ஆனால் பூட்டிவிட்டுச் சரிபார்ப்பது நீங்களாக இருங்கள். கணவர் கட்டளையை மீறி வாசலுக்கு வந்தால் 999இல் பொலிஸைக் கூப்பிடுங்கள். மற்ற நேரம் பேச ஆள் வேண்டுமென்றால் வீட்டு வன்முறைக்கான தேசிய உதவி எண் 0808 2000 247, இலவசம், 24 மணித்தியாலமும் உண்டு. மகனே பேச விரும்பினால் சைல்ட்லைன் 0800 1111.

கவுன்சில் வரியைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதைச் சரியான இடத்தில் கேளுங்கள். சட்டத்தின்படி இந்தக் காசைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு கூட்டுச் சபை இருக்க வேண்டும், அதில் பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் சார்பாகப் பேச ஒருவராவது இருக்க வேண்டும். லண்டனில் அவர் யார், போன வருடம் வந்த காசில் பிள்ளைகளுக்கான சேவைக்கு எவ்வளவு போனது, அதில் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் யாரும் எழுதிக் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் வரவேண்டும். உங்கள் வட்டார கவுன்சிலர் குறைகேட்கும் நாள் வைத்திருப்பார், அங்கே போய் மார்ச்சில் மூடிய குழுவைப் பற்றி நேரில் சொல்லுங்கள். வரவுசெலவு பெப்ரவரி, மார்ச்சில்தான் நிறைவேறும், பேச்சு இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். எங்கள் தமிழ்ச் சங்கங்கள் வாகனத் தரிப்பிடத்துக்கும் மண்டபத்துக்கும் கவுன்சிலரைத் தேடிப் போகின்றன. இதற்கும் போக வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், தொடர்ந்து கேட்பேன். ஆனால் இது உங்கள் தலைமேல் இருக்கும் வேலை அல்ல. உங்களுக்குத் தெம்பு வரும்போது செய்யலாம், வராவிட்டால் விடலாம்.

எழுதும் மின்னஞ்சலை நீளமாக்க வேண்டாம். கட்டளை எடுத்த திகதி, பூட்டுப் போட்ட திகதி, மகனிடம் நீங்கள் கவனித்தவை, சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி என் பிள்ளைகள் பாதிக்கப்பட்டவர்கள் என்ற ஒரு வரி, 4ஆம் பாகத்தின் கீழ் ஆதரவும் பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் மதிப்பீடும் கேட்கிறேன் என்ற ஒரு வரி. எழுத்தில் பதில் தேவை என்று முடியுங்கள். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள், பிறகு பிள்ளைகள் பிரிவின் முறைப்பாட்டு நடைமுறைக்குப் போகலாம். அதில் முதல் படிக்குப் பத்து வேலை நாள்.

அந்த மின்னஞ்சலில் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். கடிதம் முழுக்க மகனைப் பற்றி எழுதிவிட்டு, மகளைப் பற்றி "நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவளும் அதே சுவருக்குப் பின்னால்தான் படுத்திருந்தாள். கத்துகிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். சத்தமே போடாமல் இருந்தால்தான் தப்பலாம் என்று கற்றுக்கொண்ட பிள்ளையை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. 5 வயதுக்கு அந்தக் குழுக்கள் சரிவராது, விளையாட்டுச் சிகிச்சை வேண்டும் என்று அவள் பெயருக்கு நேரே எழுதுங்கள்.